முப்பது கட்டில், ரெண்டு வாந்தி

"அதே மருந்துதாம்மா. கம்பெனிதான் வேற."

"அதே மருந்துன்னா என் வீட்டுக்காரர் எதுக்குய்யா படியில சரிஞ்சாரு? பத்து வருஷமா பழச சாப்பிட்டப்ப ஒண்ணும் ஆகலையே?"

"அத என்கிட்ட கேட்டா எப்படிம்மா? பழசு வரத்து இல்ல, இருந்தத குடுத்தேன்."

மருந்துக் கடை வாசல்ல அக்கா இப்படி மல்லுக்கட்டிட்டிருந்தப்ப, நான் பின்னால அவளுக்குக் குடை பிடிச்சிட்டு நின்னேன். கடைக்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல. அத மொதல்லயே சொல்லிடறேன், பாவம், நல்ல மனுஷன்.

நான் மருந்துச் சோதனை பண்ற கம்பெனியில கணக்குப் போடறவன். பழைய மாத்திரையும் புது மாத்திரையும் ரத்தத்துல ஒரே மாதிரி ஏறுதான்னு, நோய் இல்லாத ஆளுங்களுக்குக் குடுத்துப் பாப்போம். எத்தன பேருக்குக் குடுக்கணும்னு சொல்றது என் வேலை. அப்போ சோதனைக்கு வந்தது இதயத் துடிப்பு தாறுமாறா போகாம இருக்க சாப்பிடற மாத்திரை. கொஞ்சம் பிடிவாதமான மருந்து. ஒரே ஆளுக்கு இந்த வாரம் ஒரு அளவு ஏறும், அடுத்த வாரம் வேற அளவு. இந்த மாதிரி மருந்துக்கு நெறைய பேர் வேணும். அம்பத்தாறுன்னு கணக்கு வந்துச்சு. அதுலயும், மருந்து நல்லதாவே இருந்தாலும் அஞ்சு தடவைக்கு நாலு தடவதான் சோதனை தேறும்.

"அத்தன பேர எங்க படுக்க வைக்கறது, உங்க வீட்லயா?"ன்னாரு மேனேஜர். "ஹால்ல முப்பது கட்டில்தான் இருக்கு."

நியாயமான கேள்வி. முப்பதுன்னு விடை வர்ற மாதிரி கணக்கத் திருப்பிப் போட்டேன். கட்டில எண்ணித்தான் எழுதினேன்னு வச்சுக்குங்க.

சோதனை முடிஞ்சுது. பழைய மாத்திரை ரத்தத்துல நூறு ஏறுதுன்னா, புதுசு எண்பதுக்குக் கீழ போகலாம்னு கணக்கு காட்டவே கூடாது. எங்களுக்கு எழுபத்தொம்போது வரைக்கும் போச்சு. மயிரிழையில போச்சு. ஆனா இதுக்கு ஒரு விதி இருக்கு. பழைய மாத்திரையவே ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ குடுப்போம். அந்த ரெண்டு தடவைக்கும் நடுவுல ஏற்ற இறக்கம் முப்பது சதவீதத்தத் தாண்டினா, அந்த எண்பதக் கொஞ்சம் கீழ இறக்கி விடுவாங்க. எங்களுக்கு வந்தது இருபத்தொம்போது.

காலையில ஒம்போது மணிக்குப் பழைய மாத்திரையப் போட்டதுல ரெண்டு பேர், ஒரு தடவ மட்டும், உடனே வாந்தி எடுத்திருந்தாங்க. ஒருத்தர் காலையில 9.10, இன்னொருத்தர் 9.20. மருந்து உள்ள நிக்கவே இல்ல, அதனால அவங்கள அந்தக் கணக்குல சேக்கக் கூடாது. நான் கம்ப்யூட்டர்ல அந்த நேரங்களுக்கு முன்னால ஆளுக்கொரு ஒண்ணு போட்டேன். 19.10, 19.20. சாயங்காலம் வாந்தி எடுத்தா சேக்கலாம், அதுக்குள்ள மருந்து ரத்தத்துல ஏறியிருக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு தடவ ஏறினதுக்கும் இன்னொரு தடவ ஏறாததுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அதனால ஏற்ற இறக்கம் முப்பத்திநாலு ஆச்சு, எண்பதும் கீழ இறங்குச்சு. மருந்து பாஸ். மேனேஜர் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு.

நான் எந்த எண்ணையும் அழிக்கல. ரெண்டு ஒண்ணு சேத்தேன், அவ்வளவுதான்.

போன வருஷம் அக்கா போன் பண்ணினா. "அத்தானோட மாத்திரை கிடைக்கலடா தம்பி. புதுசு ஒண்ணு இருக்காம். வாங்கட்டுமா?"ன்னு கம்பெனி பேரையும் சொன்னா.

"தைரியமா வாங்குக்கா. நானே பாத்த மருந்து."

மனசாரத்தான் சொன்னேன். பாஸ் ஆன மருந்து.

பதினோராவது நாள் அத்தான் மாடி ஏறுறப்ப பாதிப் படியில உக்காந்தாரு. அப்பறம் சரிஞ்சாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

அந்தக் கடையிலேர்ந்து திரும்பி வர்ற வழியில அக்கா நின்னுட்டா. "நீ உள்ள இருக்கறவன். எனக்கு உண்மை தெரிஞ்சா போதும், தூங்கிடுவேன். மாத்திரையாடா?"

நான் நேர்மையாத்தான் பதில் சொன்னேன். "ஒரே ஒரு ஆள வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா."

"உங்க அத்தான் உனக்கு ஒரு ஆளாடா?"ன்னு கேட்டா. என் கையிலேர்ந்து குடைய வாங்கிட்டுப் போனவதான், இன்னும் பேசல.

அவ கோவம் எனக்குப் புரியுது. அதான் இந்தத் தடவ ஒழுங்கா செய்யணும்னு இங்க எழுதறேன். வெள்ளையா, நீளமா, நடுவுல கோடு போட்ட மாத்திரை. உங்க வீட்ல யாராவது போன வருஷம் அதுக்கு மாறி இதே மாதிரி விழுந்திருந்தா வயசும், எத்தனாவது நாள்னும் எழுதுங்க, போதும். அம்பத்தாறு பேர் வேணும், ஒருத்தரக்கூட குறைக்க மாட்டேன். அத்தானச் சேத்துட்டேன். மிச்சம் அம்பத்தஞ்சு வீட்டுக்காரங்க தயவுபண்ணி கீழ பதில் போடுங்க.