சித்தி வேஷம்

இல்ல மௌரீன் டீச்சர், நீங்களே சொல்லுங்க. ராகிக்குள்ள கடுகு கொட்டிட்டா ஒரு பொம்பள என்னா பண்ணுவா? முறத்துல போட்டுப் பொறுக்குவா. ரெண்டும் ஒரே சைஸு, ஒரே கலரு, கண்ணு பூத்துப் போவுது. அதனால வீட்டுல இருக்கற எட்டு வயசுப் பொண்ணைக் கூப்பிட்டு, "நோரா, கொஞ்சம் பொறுக்கிக் குடு கண்ணு"ன்னு கேட்டா... அது கொலைக் குத்தமா? அவ என்னா பண்ணா தெரியுமா?

முறத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. மறுபடியும் முறத்தைப் பார்த்தா. அவ்வளவுதான்! "குடுத்துட்டாங்க! ராகியும் கடுகும் கலந்து குடுத்துட்டாங்க!"ன்னு அழுதுக்கிட்டே தெருவுக்கு ஓடிட்டா. ஏன்னா கதையில வர்ற சித்தி அதைத்தானே பண்றா? ராகியில கடுகைக் கலந்து வெச்சு, கோயில் மணி அடிக்கறதுக்குள்ள பிரிச்சு வெய்யி, இல்லாட்டி சோறு இல்லைங்கறாளே, அந்தப் பாவி! எங்க மர்பி டவுன் தெருவுல இந்த மாதிரி சத்தம் கேட்டா யாராவது வீட்டுக்குள்ள இருப்பாங்களா? எதிர்வீட்டு டோரீன் அக்கா கையில மாவோட ஓடி வந்துட்டாங்க. வந்தவங்க என் மூஞ்சியப் பாக்கல டீச்சர். முறத்தைப் பாத்தாங்க!

உக்காருங்க, ஏன் நிக்கறீங்க? காப்பி ஆறிப் போவுது. நோராவைப் பத்தி ஏதோ சொல்லத்தான் வந்திருக்கீங்க, தெரியுது, உங்க மூஞ்சியே சொல்லுது. சொல்லலாம், சொல்லலாம். ஆரம்பிச்சதை முடிச்சுக்கறேன், இல்லாட்டி எனக்கு நெஞ்சு அடைக்கும்.

போன வாரம் பாருங்க. பொண்ணு வாடிப் போயிருக்கே, காத்தாட அல்சூர் ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போலாம்னு கெளம்பி, வறுத்த கடலைக்காய் ஒரு பொட்டலம் வாங்கிக் குடுத்தேன். சாப்பிடுவான்னு பாத்தா சாப்பிடவே இல்ல. பின்னாடியே நடந்து வர்றா, அடிக்கடி குனியறா. என்னாடான்னு திரும்பிப் பாத்தா... வழி நெடுக ஒவ்வொரு கடலைக்காயாப் போட்டுக்கிட்டே வர்றா! வீட்டுக்குத் திரும்பி வர வழி தெரியணுமாம்! கதையில வர்ற சித்தி மாதிரி நான் காட்டுல விட்டுட்டு வந்துடுவேனாம்! அல்சூர்ல ஏது டீச்சர் காடு? எங்களுக்குப் பின்னாடி காக்கா எல்லாம் குஷியா ஊர்வலம் வருது. எதிர்ல சபைக்காரங்க ரெண்டு பேர் வர்றாங்க. "தோத்திரம் சிஸ்டர், என்ன இது?"ன்னு கேக்கறாங்க. என்னான்னு சொல்லுவேன்? காக்காவுக்குத் தீனி போடறோம்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பொய்!

நோரா அப்பா கிட்ட சொன்னா சிரிக்கறாரு. நல்ல மனுசன், இல்லேங்கல. மில்லுல எவ்வளவு பெரிய மிஷினையும் சரி பண்ணிடுவாராம். "கேத்தரின், சின்னப் பொண்ணு, கதை கேட்டுட்டு ஆடுது, விடு"ங்கறாரு. கதையாம் கதை! கதைதானேன்னு எல்லாரும் ஈஸியா சொல்லிடறாங்க. அந்தக் கதை எங்க விடுது? நானும் வாரப் பத்திரிகையில தொடர்கதை படிக்கறவதான். மோட்டார் காரு வருது, வக்கீல் வர்றாரு, ஆஸ்பத்திரி வருது, எல்லாம் புதுசு புதுசாத்தான் இருக்குது. ஆனா உள்ள போய்ப் பாருங்க... அதே ராஜகுமாரன்தான் வக்கீலாயிட்டான். குதிரை மோட்டாராயிடுச்சு. ராட்சசன் வட்டிக்கடைக்காரனாயிட்டான். எல்லாரும் வேஷம் மாத்திக்கிட்டாங்க, சித்தி மட்டும் சித்தியாவே இருக்கா! அவளுக்கு மட்டும் ஒரு புதுப் புடவை கூட எடுத்துக் குடுக்கல இந்த எழுதறவங்க!

இன்னும் கொஞ்சம் சக்கரை போடவா? இருங்க, இருங்க, நீங்க சொல்ல வர்றதுக்குத்தான் நானும் வர்றேன்.

ஏன் சித்தியையே புடிச்சுக்கறாங்க தெரியுமா? நான் யோசிச்சு வெச்சிருக்கேன். பெத்த அம்மாவும்தான் அடிக்கறா, திட்டறா, மூக்கைப் புடிச்சு வெளக்கெண்ணெய் ஊத்தறா. புள்ளைக்குத் தாங்கல. ஆனா அம்மாவைக் கெட்டவன்னு நெனைக்கவும் மனசு வரல. அதனால கதைக்காரன் என்னா பண்ணான்? அம்மாவை ரெண்டாக் கிழிச்சான். முத்தம் குடுக்கற பாதியை சாமிகிட்ட அனுப்பிட்டான். வெளக்கெண்ணெய் ஊத்தற பாதிக்கு சித்தின்னு பேரு வெச்சு வீட்டுக்குள்ள விட்டுட்டான்! நல்ல யோசனைதான், புள்ளைங்களுக்கு நல்லதுதான். இதை நான் அந்தக் காலத்துலயே ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கிட்ட சொல்லி, கிளாஸ்ல கதை சொல்லறதுக்குன்னு தனி பீரியடே வாங்கினேன்...

ஆமா, நான்தான். வேற யாரு? நீங்க இப்ப எடுக்கறீங்களே இன்ஃபன்ட் கிளாஸு, சின்னப் புள்ளைங்க கிளாஸு, அதே ரூம்பு, அதே ஒடஞ்ச கரும்பலகை. கல்யாணம் ஆனா டீச்சர் வேலைய விட்டுடணும்னு வெச்சிருக்காங்களே, அதனாலதானே உங்களுக்கு வந்துச்சு. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் கதை சொன்னா பக்கத்து கிளாஸ் பசங்க ஜன்னல்ல தொங்குவாங்க. சித்திக்குன்னு ஒரு குரல் வெச்சிருந்தேன் பாருங்க... மூக்கால, இழுத்து, "எ...ங்க... போ...ன... மூதே...வி?"ன்னு ஆரம்பிச்சா முன் பெஞ்சு மொத்தமும் நடுங்கும். இங்கிலீஷ் புஸ்தகத்துல அந்தச் சித்தி வேற ஏதோ தானியத்தை சாம்பல்ல கொட்டுவா. நம்ம பசங்களுக்கு அது ஒட்டுமா? நான்தான் ராகியும் கடுகும்னு மாத்தினேன். அதைக் கேட்டு ஒண்ணு ரெண்டு புள்ளைங்க அழுதுட்டாங்க. எனக்கு அன்னைக்கு என்னா பெருமை!

முன் பெஞ்சுல ஓரமா யாரு உக்காந்திருந்தாங்கன்னு கேக்கறீங்களா? கேக்காதீங்க.

அப்ப நோரா அம்மா உயிரோட இருந்தாங்க டீச்சர். எனக்கு என்னா தெரியும்? பின்னாடி அந்தப் புண்ணியவதி ஜுரத்துல போவாங்க, பாதிரியார் வந்து நோரா அப்பா மைக்கேல்ராஜுக்கு உன்னைக் கேக்கறாங்கம்பாரு, நானும் சரின்னு தலையாட்டுவேன்னு எவ கண்டா? தெரிஞ்சிருந்தா அந்தச் சித்திக்கு ஒரு நல்ல வார்த்தையாவது வெச்சிருக்க மாட்டேனா?

இப்ப வீட்டுலயும் என்னை "டீச்சர்"ங்கறா. சோறு போட்டா "தேங்க் யூ டீச்சர்". படுக்கப் போறப்ப "குட்நைட் டீச்சர்". அம்மான்னு கூப்பிட வேணாம், அந்த எடம் எனக்கு வேணாம், அது அவங்களுது. சித்தின்னாவது கூப்பிடலாமில்ல? எப்படிக் கூப்பிடுவா! அந்த வார்த்தைக்குள்ள நானே விஷத்தை ஊத்தி வெச்சிருக்கேனே. வலிக்குது டீச்சர். சிரிச்சுக்கிட்டே சொல்றேன், ஆனா வலிக்குது.

அந்த ராகிய நானே உக்காந்து பொறுக்கினேன். அவ அழுது முடிச்சுட்டு வந்து கதவோரமா நின்னா. "நீ போயி வெளையாடும்மா, கண்ணு வலிக்கும்"னேன். போகல. தள்ளி உக்காந்து ஒவ்வொரு கடுகா எடுத்துப் போட்டுக்கிட்டே என்னை வேவு பாத்தா. எப்ப ராட்சசியா மாறுவேன்னு பாக்கறாளாட்டம் இருக்குது!

இதுல நீங்க வேற! ஸ்கூல் டே நாடகத்துல அவளுக்கு எந்த வேஷம் குடுத்திருக்கீங்க? சித்தி வேஷம்! அதே என் கதை! வேற புள்ளையே கெடைக்கலையா? அந்த முன்கோபக்காரி பியாட்ரிஸை ஏழைப் பொண்ணாப் போட்டுட்டு, வாயே திறக்காத எங்க நோராவைச் சித்தியாப் போட்டிருக்கீங்க. டோரீன் அக்கா முதல் வரிசையில உக்காருவாங்க. நோரா மேடையில என்னை மாதிரியே மூக்கால இழுத்துத் திட்டுவா. தெரு மொத்தமும் திரும்பி என்னைப் பாக்கும். "வீட்ல பாத்துக் கத்துக்கிச்சு"ம்பாங்க. நான் அன்னைக்கு ஜுரம்னு படுத்துக்கப் போறேன், இப்பவே சொல்லிட்டேன்.

என்னது?

திட்டலையா?... ஒத்திகையிலயா?... வசனம் மறந்துட்டாளா?... மறக்கலையா? பின்ன?

முறத்தைக் கீழ வெச்சுட்டு... ம்... அவளே பியாட்ரிஸ் பக்கத்துல உக்காந்து... "தள்ளிக்கோ, ரெண்டு பேருமா பொறுக்கினா சீக்கிரம் முடியும், கண்ணு வலிக்கும்"னு... நோராவா? எங்க நோராவா?

நீங்க அதட்டினீங்களா... சித்தின்னா திட்டணும்னு... அதுக்கு என்னா சொன்னா? மெதுவா, மெதுவா சொல்லுங்க... "உங்க வீட்ல சித்தி இருக்காங்களா டீச்சர்? எங்க வீட்ல எங்க சித்தி இருக்காங்க. எனக்குத்தான் தெரியும்"னா...

சித்தின்னா சொன்னா? அந்த வார்த்தையா? நல்லாக் கேட்டீங்களா?

...இல்ல, ஒண்ணுமில்ல. அடுப்புப் புகை. ஆமா, அடுப்பு பத்த வைக்கல, இருந்தாலும் புகை.

நான் அவகிட்ட சொல்லித் திட்ட வைக்கணும்னா வந்தீங்க? அவ திட்டலைன்னா கதை நகர மாட்டேங்குதா? நகராட்டி நிக்கட்டும்! இத்தனை வருஷமா ஓடிக் களைச்ச கதைதானே, ஒரு நாளு நின்னா என்னா? டோரீன் அக்கா பாக்கட்டும். முதல் வரிசையிலயே பாக்கட்டும். நானும் வர்றேன், ஜுரமும் இல்ல கிரமும் இல்ல.

ஐயோ, எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க டீச்சர், வேற காப்பி போடறேன். இப்ப சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க. நான் நடுவுல பேசல. வாயே திறக்கல.