அழைப்பிதழில் இருந்த பெயர்

லவால் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். ஒருவர் மற்றவரிடம் பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழை நீட்டினார்.

"மகளுக்கோ அக்கா?"

"இல்லை, எனக்கு."

கதவு திறந்து மூடியது. இறங்க எழுந்த மற்றவர் இறங்காமல் திரும்ப உட்கார்ந்தார்.

"உண்மையாவோ?"

"மகளை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசல்ல இருந்து பார்த்தே பாதி பழகிட்டன். அவள் விட்டிட்டாள். உள்ளுக்குப் போகத்தான் எனக்குக் கனநாள் எடுத்தது. போனாப் பிறகு விடேல்லை."

"வீட்டில அண்ணை என்ன சொன்னவர்?"

"டீச்சருக்கு உதவிக்குப் போறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவர். கார்டைப் பார்த்திட்டு, பேரை மாத்தி அடிச்சுப்போட்டியள் எண்டு அச்சகத்துக்குப் போன் எடுத்து ஏசினவர். பேர் சரி எண்டு அவங்கள் சொல்லித்தான் அவருக்கே தெரியும்."