ஒரே வருடத்துக் கார்

நீங்கள் எனக்கு இருக்கத் தந்த கதிரையின் நான்கு கால்களில் ஒன்று வேறொரு கதிரையிலிருந்து வந்தது. குறையாகச் சொல்லவில்லை. மற்ற மூன்றும் உருண்டை, அது மட்டும் சதுரம். யாரோ கைகாரன் மட்டம் பார்த்து வெட்டித்தான் பூட்டியிருக்கிறான், ஆடவில்லை. ஆனாலும் என்னால் அதில் கன நேரம் இருக்க முடியாது. எழுதுகிறபோது நடுநடுவே எழுந்து நடந்தால் கோபிக்காதீர்கள். ஓட மாட்டேன். ஓட நினைத்தவன் தானாக நடந்து உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்க மாட்டான்.

மொழிபெயர்க்க வந்த பிள்ளை நிலக்சி கெட்டிக்காரி. ஆனால் கார்ச் சாமான்களின் பெயரைச் சொன்னால் முழிக்கிறாள். அதனால்தான் தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் ஆறுதலாக இருந்து மாற்றட்டும். இதில் பிழை வரக்கூடாது. ஒரு பிழை வந்தபடியால்தான் நான் வந்தேன்.

சேதுராமன் செத்ததை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். யாரும் என்னைத் தேடவில்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்தேன். அவருடைய மனைவி சியாமளா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தோடு முடிந்திருக்கும். போன கிழமை அவர் தொலைபேசி எடுத்தார்.

"இன்சூரன்ஸ்காரர் வந்து வண்டியப் பாத்தாராம் அண்ணே. ஒவ்வொரு பார்ட்டும் ஒவ்வொரு வருஷத்துதாம். ஒண்ணோட ஒண்ணு சேராததாலதான் பிரேக் போச்சுன்னு சொல்லிட்டாரு."

"அவர் வடிவாப் பாத்தவரோ?" என்று கேட்டேன்.

"பாத்துட்டுத்தான் சொன்னாராம்."

அன்றிலிருந்து நித்திரை இல்லை. சாப்பாட்டுக்கு இருந்தாலும் எழும்பி நடக்கிறேன். அந்தக் காரில் வேறு வருடத்துச் சாமான் ஒன்றும் இல்லை, ஐயா. ஒன்றுகூட இல்லை.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் செய்த இரண்டு இருக்கைக் கார், மேல்கூரை இல்லாதது, அறுபத்தைந்தாம் ஆண்டு பிறந்தது. சேதுராமன் மிசிசாகாவில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற சென்னைக்காரர். யாரோ கிழவனிடம் வாங்கி, நான் வேலை செய்கிற ஸ்காபரோ கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். எஞ்சினை மூடுகிற பொனற்றைத் திறந்து, சாமான் சாமானாக வருடம் பார்த்தேன். கதவுகள் அறுபத்திரண்டாம் ஆண்டு. இருக்கைகள் எழுபத்தொன்று. முன்விளக்கு ஒன்று ஒரு வருடம், மற்றது இன்னொரு வருடம். பிறேக் அறுபத்தெட்டு.

சேதுராமனுக்கு அது பகிடி. "நம்ம டெல்லி மாதிரிதான் அண்ணே, கூட்டணி ஆட்சி. பதிமூணு கட்சி சேர்ந்து ஓடுது. கவுக்காம ஓடினா சரி," என்பார்.

அவருக்கு ஓடினால் சரி. எனக்கு அப்படியில்லை. என் தகப்பன் சுண்ணாம்புக்கல் உடைத்தவர். நான் மீசை அரும்பமுன் பஸ் டிப்போவில் கிறீஸ் பூசப் போனவன். யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத காலத்தில் மூன்று செத்த பஸ்ஸை உரித்து ஒரு பஸ்ஸை ஓட்டினேன். லொறியின் பம்பைக் காருக்குப் போட்டேன், சைக்கிள் ரியூப்பை வெட்டி வாஷர் செய்தேன். சனம் கெட்டிக்காரன் என்றது. கெட்டித்தனம் இல்லை அது, வேறு வழியில்லை. வாழ்க்கை முழுக்கப் பிழையான சாமானைச் சரியான இடத்தில் அடித்து இறுக்கியே கை காய்த்துப் போனது. இங்கே சாமான் இருக்கிறது. தேடினால் கிடைக்கிறது. கிடைக்கிற ஊரில் ஒரு காரையாவது சரியாகச் செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இதில் என்ன பிழை?

என் ஓய்வு நேரத்தில் செய்தேன். பிக்கரிங்கிலும் பிறம்ரனிலும் பழைய இரும்பு யார்ட்டுகளில் மழையென்றும் பாராமல் ஏறி இறங்கினேன். கதவு கிடைத்தது, இருக்கை கிடைத்தது, விளக்கு கிடைத்தது. எல்லாம் அறுபத்தைந்து. கராஜ் முதலாளி ஸ்ரீதரன் என்னைவிட இளையவன், வாய்க்காரன். "அண்ணை, உங்களுக்குப் பொம்பிளை பாக்கேக்கையும் உப்பிடித்தான் பாத்தனிங்களோ? காருக்குச் சாதகம் ஒண்டுதான் இன்னும் எழுதேல்லை," என்பான். சியாமளா வந்தால் தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு வருவார். நல்ல சனம். அதை நான் மறுக்கவில்லை.

பிறேக் மட்டும் மிஞ்சியது. அதைச் சேதுராமன் விடவில்லை.

நிலக்சி, இதைக் கவனமாக மாற்று பிள்ளை. அறுபத்தைந்தின் பிறேக் சிலிண்டரில் எண்ணெய் ஒரே வழியால்தான் கார்ச் சில்லு நாலுக்கும் போகும். ஓரிடத்தில் விட்டால் நாலும் விட்டது. அறுபத்தெட்டில் இரண்டு வழி; ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். பழைய சொந்தக்காரன் யாரோ பயந்து அதைப் பூட்டியிருந்தான்.

"அதுல மட்டும் கை வைக்காதீங்கண்ணே. சியாமளா உக்கார்ற வண்டி. அது ஒண்ணு தப்பா இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

"ஓம் சேர்," என்றேன்.

ஆடி மாதம் கராஜில் கேக் வெட்டினார்கள். எனக்கு ஐம்பது வயது என்று. கடதாசியின்படி நான் நாற்பத்தேழாம் ஆண்டு பிறந்தவன். நான் இந்த நாட்டுக்கு வந்தது இன்னொருவனுடைய கடதாசியில். அந்த வருடமும் மாதமும் அவனுடையது. அப்படி வந்தவர்கள் கனபேர், இது உங்களுக்கும் புதுக்கதை இல்லை. ஸ்ரீதரன் பகிடிக்கு அதை அவிழ்த்துவிட்டான்: "கேக்கிலை ஐம்பது, அண்ணையின்ரை முழங்காலைக் கேட்டால் வேறை கதை சொல்லும். ஆள் உண்மையிலை பிறந்தது நாப்பத்தோராம் ஆண்டு."

சேதுராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ நீங்களும் நம்ம வண்டிதானா அண்ணே? நாப்பத்தொண்ணு பாடி, நாப்பத்தேழு பேப்பர்!"

சியாமளா சிரித்தார், ஸ்ரீதரன் சிரித்தான், எண்ணெய் மாற்ற வந்து நின்ற வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடி நல்ல பகிடி. கேக்கையும் சாப்பிட்டேன். இதை ஒரு காரணமாக எழுத வேண்டாம். கேட்டபடியால் சொல்கிறேன்.

அடுத்த கிழமை சிலிண்டரை மாற்றினேன்.

அறுபத்தைந்து ஒன்று ஏற்கெனவே என் பெட்டியில் இருந்தது. பிக்கரிங் யார்ட்டில் எடுத்தது. உள்சுவரில் துரு தின்ற குழிகள். மினுக்கிப் பார்த்தேன், குழி போகவில்லை. புது றப்பர் போட்டேன். கராஜ் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒருதரம் மிதித்தால் பிடித்தது. மிதித்தபடி காலை வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் தரையைத் தொட்டது. அதாவது, ஊருக்குள் நின்று நின்று போகிறவனுக்குத் தெரியாது. நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் போகிறவனுக்குத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு கன நேரம் நின்றேன். எல்லாம் ஒரே வருடம். என் நெஞ்சுக்குள் கனகாலமாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது போல இருந்தது. அப்படி ஒரு அமைதி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, பிறகும் வரவில்லை.

சேதுராமன் எடுக்க வந்தபோது கேட்டார். "பிரேக்கைத் தொடலையே அண்ணே?"

"இல்லை சேர்."

பிறகு நான்தான் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை பிரிம்லி வீதியாலை கீழை ஏரிக்கு விட்டுப் பாருங்கோ. அந்த இறக்கத்திலை எஞ்சின்ரை சத்தம் நல்லாக் கேக்கும்."

சியாமளாவும் வரக்கூடும் என்று யோசிக்கவில்லையா என்று கேட்டீர்கள். வழக்கமாக அவரும் வருவார். அன்று தலையிடி என்று வீட்டில் நின்றுவிட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்தது காரைப் பற்றி.

அந்த ஞாயிறு நான் கிங்ஸ்ரன் வீதியில் பஸ்ஸால் இறங்கி, ஏரிப் பக்கமாகக் கீழே நடந்து போனேன். உங்களுக்கு அந்த இடம் தெரியும். வீதி மலையை வெட்டிக்கொண்டு செங்குத்தாக இறங்கும், அடியில் பூங்கா. சனம் பிள்ளை குட்டிகளோடு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது. நான் வளைவில் மரத்தோடு நின்றேன். கார் வரமுன் சத்தம் வந்தது. நான் சொன்னது சரி, எஞ்சின் நல்ல சுருதியில் இருந்தது. பிறகு சத்தம் கூடிக்கொண்டு வந்தது, குறையவில்லை.

என் கணக்கு இவ்வளவுதான்: அந்தச் சிலிண்டர் பிடிக்காது என்று தெரிந்து பூட்டினேன், தெரிந்து பொய் சொன்னேன், தெரிந்து அந்த இறக்கத்தைக் காட்டினேன். சேதுராமனைக் கொன்றது நான். சாமான்கள் இல்லை. சாமான்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியவை. இன்சூரன்ஸ்காரர் சொன்னதை வெட்டிவிட்டு இதை எழுதச் சொல்லுங்கள். கழற்றிய அறுபத்தெட்டு என் பெட்டியில் அடித்தட்டில் இருக்கிறது, துடைத்துச் சுற்றி வைத்திருக்கிறேன். காரை உடைக்கக் கொடுத்துவிடாதீர்கள். முன் மட்காட் நசிந்துவிட்டது, ஆனால் பிறம்ரனில் ஒரு அறுபத்தைந்து கிடக்கிற இடம் எனக்குத் தெரியும்.

சேதுராமன் நல்ல மனிதர். பிள்ளைகள் நின்ற பக்கம் விடாமல் மரங்களுக்குள் திருப்பினார். அதற்கு முன் வளைவில் என்னைக் கண்டார். பிறேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக் கைவிட்டிருப்பார். வாய் திறந்திருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் நான் பார்த்தது அன்றுதான்.

அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் பஸ் ஏறிப் போனேன் என்று நீங்கள் எழுதினால், அது பிழை. நான் காரைப் பார்க்கத்தான் போனேன்.