கனகசிங்கத்தின் பெயரில் ஒரு நூல்

தலைவர் உதயரூபன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கொழும்பிலிருந்து விடியற்கால பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கும் தொலைக்காட்சி நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி அன்னப்பூரணி கனகசிங்கம் அவர்களே, கல்லடிப் பாலத்தின் இரு கரைகளிலிருந்தும் வந்திருக்கும் சபையோரே!

எனக்குப் பத்து நிமிடம் தரப்பட்டிருக்கிறது. எனக்குப் பின் நூல் வெளியீடு. ‘கனகசிங்கம் நாடகங்கள்’ என்ற அந்த நூலின் முதற்பிரதியை அவருடைய துணைவியார் பெற்றுக்கொள்வார் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த நூலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மறைந்த நகைச்சுவைச் செம்மல் கனகசிங்கம் அவர்களோடு முப்பத்து நான்கு ஆண்டுகள் மேடையேறியவன் நான். என் வேலை கேள்வி கேட்பது. கேட்டுவிட்டுச் சிரிக்காமல் நிற்பது. அவர் பதில் சொல்வார், சபை சிரிக்கும். அந்தப் பழக்கத்தினால் இன்றும் என் முகத்தில் எதையும் நீங்கள் காண முடியாது. தயவுசெய்து அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை வேடங்கள்! கள்ள வைத்தியர் அவர், கிராம சேவகர் அவர், மாப்பிள்ளை அவர், அடுத்த காட்சியில் சேலை மாற்றிக்கொண்டு மாப்பிள்ளையின் மாமியாரும் அவரே. ‘செம்மல்’ பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தாம் நகைச்சுவை நடிகர்தான் என்பதற்குக் கிராம சேவகரிடம் உறுதிக் கடிதம் வாங்கி வரும்படி சொன்னார்கள். கிராம சேவகர் வேடத்தில் இருபது ஆண்டுகள் நடித்தவர், உண்மையான கிராம சேவகரின் வாசலில் இரண்டு நாள் நின்றார். கடிதத்தில், ‘இவர் என் பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர், நகைச்சுவை செய்வதாக அறியப்படுகிறது’ என்று எழுதப்பட்டிருந்தது.

தொலைக்காட்சியில் ஒன்பது ஆண்டுகள் தபால்காரராக வந்தார். ஞாயிறு பின்னேரங்களில் எத்தனை வீடுகள் அவருக்காகக் காத்திருந்தன! அந்த ஒளிநாடாக்களைத் தேடிப் போன மாதம் நான் கொழும்புக்குப் போனேன். அவற்றின் மேல் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னார்கள். நல்ல ஆட்டமா என்று கேட்டேன். மழையினால் கைவிடப்பட்ட ஆட்டம் என்றார்கள்.

திரைப்படம் மூன்று. ஒன்றில் அவருக்குப் பிண வேடம். பிணத்தைப் பார்த்துப் படப்பிடிப்பில் எல்லோரும் சிரித்ததால் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். மற்ற இரண்டு படங்களின் பிரதிகள் எங்கே இருக்கின்றன என்று தயாரிப்பாளருக்கே தெரியாது.

ஆகவே எஞ்சியிருப்பது மேடை நாடகங்கள். நாற்பத்தொரு நாடகங்கள், அவருடைய கல்லடி வீட்டு அலுமாரியில், கோவைகளில், அழகான கையெழுத்தில்! நினைவுக் குழுவினர் எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே போய் அவற்றை எடுத்துவந்து இருபது நாளில் நூலாக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய வேகத்தை நான் பாராட்டுகிறேன். தட்டச்சு செய்தவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆர்த்திகா என்ற பிள்ளை. அவரே முந்தாநாள், அச்சான பிரதியை எனக்குக் கொண்டுவந்து தந்துவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றார்.

“சேர், ஒண்டு கேட்கலாமா? இது நாடகமா, சுற்றறிக்கையா?”

சபையோரே, அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் கையெழுத்து என்னுடையது. அந்த நூலில் உள்ள ஒவ்வொரு வரியும் என்னுடையது. கனகசிங்கம் அதில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இளையவர்களுக்கு இது விளங்காது. மூத்தவர்கள் மறந்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்தப் போர் நாட்களில் ஒரு நாடகம் போடுவதென்றால் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற வேண்டும். அதுவும் ஒரு தரப்பிடம் அல்ல, இரண்டு தரப்பிடமும். ஒரு தரப்பு முத்திரை குத்தும், மறு தரப்பு தலையை ஆட்டும். ஆகவே நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். கொடுப்பதற்கு ஒரு பிரதி, நடிப்பதற்கு வேறு நாடகம். கொடுக்கும் பிரதியை நான் எழுதுவேன். நுளம்பு ஒழிப்பு, கொதித்தாறிய நீர், மரம் நடுகை. நடிக்கும் நாடகம் எழுத்தில் இருக்காது. எழுத்தில் இருந்தால் சோதனைச் சாவடியில் யாராவது வாசித்துவிடுவார்கள். அது அவருடைய வாயில் மட்டும் இருந்தது.

கிரானில் ஒருமுறை. ஊரடங்கினால் பின்னேரம் இரண்டரைக்கு நாடகம். அறுவடை முடிந்த வயலில் மேடை, தலைக்கு மேலே வெயில். திரை விலகினால் முன்வரிசையில் ஓர் அதிகாரி, தமிழ் நன்றாகத் தெரிந்தவர், மடியில் நான் எழுதிய பிரதி. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! எங்கள் குழுவின் ஒலிபெருக்கி முழுவதையும் தனியாளாகப் பார்த்துவந்த காத்தான்குடி முனாப் திரைக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார்.

“அல்லாவே! கனகசிங்கண்ணே, இண்டைக்கு எழுதின மாதிரியே பேசிருங்க. உங்கட காலைப் புடிக்கன்.”

கனகசிங்கம் நான் எழுதியபடியே பேசினார். ‘வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் நீரை அகற்றுங்கள்’ என்று நான் எழுதியிருந்தேன். அதை அவர் எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சனம் வயலில் உருண்டு சிரித்தது. அதிகாரி தாளைப் புரட்டினார், பின்னால் புரட்டினார், மறுபடியும் முன்னால் புரட்டினார். முடிந்ததும் மேடைக்கு வந்து என்னைத்தான் கேட்டார்: “மாஸ்டர், எல்லாம் சரியா இருக்கு. ஆனா இவங்க ஏன் சிரிச்சாங்க?”

நான் என்ன சொல்வேன்? தெரியாது ஐயா என்றேன். என் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் சொன்ன ஒரே உண்மை அது.

பிறகு போர் முடிந்தது. முடிந்த பின்னும் ஆறு ஆண்டுகள் நான் பொய்ப் பிரதி எழுதிக்கொண்டேயிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி வைப்பதற்கு ஓர் எழுதுவினைஞர் இருந்தார். அவரும் பழக்கத்தில் முத்திரை குத்தினார். அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு மாதத்தை, ஒரே ஒரு மாதத்தை, உண்மையானதை எழுதச் செலவிட்டிருந்தால்!

கனகசிங்கம் கேட்காமலா இருந்தார்? கடைசி இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் என் வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கேட்பார்.

“மச்சான், கொப்பி ஒண்டு எடு. நான் சொல்லுறன், நீ எழுது.”

“மறுகா எழுதுவம்கா. இப்ப கண் எரியிது.”

“உன்ட மறுகாவுக்கு நான் இரிக்க வேணுமே.”

“நீ எங்க போகப்போற? உன்னக் கொண்டுபோனா யமனுக்குத்தான் கரைச்சல்.”

சிரித்தார். நான் சொன்ன பகிடிக்கு அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். மறுகா என்றால் பிறகு என்று பொருள். எங்கள் ஊரில் அதற்குத் தேதி கிடையாது. ஐப்பசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கை கால் ஓரளவு மீண்டது, பேச்சு மீளவில்லை. நாலு மாதம் நான் கொப்பியும் பேனையுமாகச் சனிக்கிழமை தவறாமல் போனேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேள்வி கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

நேற்று அன்னப்பூரணி அவர்களிடம் நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற் பக்கத்திலிருந்து வாசித்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் வாசித்திருப்பார். என்னால் எழுந்து போகவும் முடியவில்லை.

“மாஸ்டர், இதில அவர் எங்க இரிக்கார்? நான் தேடிக் களைச்சிட்டன்.”

“இல்லை” என்றேன்.

“அப்ப இத எப்படி நான் மேடையில ஏறி வாங்குற? வாங்கினா அவர்தான் இது எண்டு நானும் சொன்ன மாதிரி ஆகிருமே.”

இதைத் தலைவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “மாஸ்டர், ஐந்நூறு பிரதி அடிச்சாச்சு. ஒண்டுமில்லாததுக்கு இது நல்லம்தானே” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்றுமில்லாமல் ஆக்கியவன் அவரல்ல.

சபையோரே, போன இரண்டு வாரங்களாக உண்மையான நாடகங்களை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் கேள்விகள் எல்லாம் நினைவிருக்கின்றன. நானூறுக்கு மேல் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன். அவருடைய பதில் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பதில் சொல்வார், நான் அப்போது சிரிப்பை அடக்குவதில் கவனமாக இருந்தேன். பார்த்தவர்களிடம் கேட்டுத் திரிந்தேன். கிரானில் கேட்டேன், ஏறாவூரில் கேட்டேன், முனாப்பிடமும் கேட்டேன். எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்தது மாஸ்டர். என்ன சொன்னாரெண்டு ஞாபகமில்ல.” உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? ஒரு பதில்? அரைப் பதில்?

சரி.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இறுதியில் உறுதி எடுக்கும்படி என்னிடம் சொல்லப்பட்டிருக்கிறது. எந்தப் பணியைத் தொடர்வது? என்னால் எடுக்கக்கூடிய உறுதி ஒன்றே ஒன்று. அந்தக் கொப்பியில் பதில்களுக்கு விட்ட இடங்களை நான் நிரப்ப மாட்டேன். நிரப்ப எனக்குத் தெரியும். நன்றாகவே நிரப்புவேன். கனகசிங்கத்தின் பெயரில் நான் எழுதியது போதும்.

தலைவர் அவர்களே, நூல் வெளியீட்டுக்கு நேரமாகிவிட்டது. அன்னப்பூரணி அவர்கள் மேடைக்கு வரமாட்டார், தயவுசெய்து அவரை அழைக்க வேண்டாம். அந்த முதற்பிரதியை என்னிடம் தாருங்கள். அதை எழுதியவன் நான்தான்.