மஞ்சள் கட்டம் போட்ட சட்டை

நாய்க்குட்டி வளர்ப்பதில் பொறுமைதான் முக்கியம், சார். அடிக்கக் கூடாது. செவலையை நான் ஒருநாளும் அடித்ததில்லை.

தச்சநல்லூரில் திருட்டு அதிகமான வருஷம் அது. வீட்டுக்குக் காவல் வேண்டுமென்று அப்பாதான் குட்டியை வாங்கி வந்தார். பழக்கும் பொறுப்பு எனக்கு. பி.ஏ. முடித்து, பேங்க் பரீட்சையும் எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். சைவ வீட்டு நாய். தயிர்ச்சோறு தின்றுவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் வாலாட்டியது.

அப்பா ஐயம்பெருமாள் பிள்ளை தாராள மனசுக்காரர். எங்கள் வயலில் வேலை பார்க்கும் கொம்பையாவின் மகன் இசக்கிதுரை, கல்லூரியில் என் வகுப்பு. கடைசி வருஷத் தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்து, ஒன்றை அவனுக்குக் கொடுத்தார். மஞ்சளில் கறுப்புக் கட்டம். "என்னலே சுந்தர், ரெட்டைப் பிள்ளையளா? இதுல மூத்தவன் யாருவே?" என்று வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கல்லூரி மலரில் நகைச்சுவை எழுதுகிறவன் சிரிக்காவிட்டால் நன்றாயிருக்காது.

அவனுக்கு இருந்த ஒரே நல்ல சட்டை அது. என்னுடையதை நான் அப்புறம் போடவில்லை. வீணாக்கவுமில்லை. அப்பா எட்டிப்பார்க்காத பழைய தொழுவத்தில் ஒரு வைக்கோல் பொம்மைக்கு மாட்டினேன். கழுத்துக்குள் பன் துண்டை ஒளித்துவைப்பேன். குதறினால் தின்னலாம். செவலை சீக்கிரமே கற்றுக்கொண்டது.

இசக்கிதுரை பின்வாசல் வழியாக வந்தவரைக்கும் நாயைக் கட்டித்தான் வைத்திருந்தேன்.

செவலை முழு நாயாக வளர்ந்த பிறகுதான் பேங்க் பரீட்சை முடிவு வந்தது. என்கூடவே எழுதிய அவன் தேறினான். நான் தேறவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒருநாள் காலையில் முன்வாசலில் "அண்ணாச்சி" என்று அவன் குரல் கேட்டது. அதுவரை அப்பாவை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவான். சங்கிலியை அவிழ்த்துவிட்டேன்.

செவலை ஓடிப்போய் அவன் காலை நக்கியது. புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்து அப்பாவிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"என்னலே, குடுத்ததைத் திருப்பித் தாரே?"

"ஒரு பட்டன்கூடப் போகல அண்ணாச்சி. நம்ம சுந்தருக்கு ஆவும்லா."

அப்பாவுக்குச் சிரிப்பு. "அவனுக்கு எதுக்கு? எனக்கே பத்தும் போலிருக்கே" என்று பனியன்மேல் மாட்டி, பைய பட்டன் போட ஆரம்பித்தார். செவலை தலையைத் தூக்கியது.

நான் நிலைவாசலில் நின்றேன். "கழத்துங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். அவன் முன்னால் என்ன சொல்வது? அதற்குள் கழுத்துப் பட்டனும் போட்டுவிட்டார்.

இசக்கிதுரைதான் நாயை இழுத்துப் போட்டான். தன் வெள்ளைச் சட்டையைக் கிழித்து அப்பாவின் கழுத்தைச் சுற்றிக் கட்டினான். சட்டையில்லாமல் எங்கள் வாசலில் நின்றான், அந்தக் காலத்தில் அவன் தாத்தா நின்ற மாதிரியே. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

பழக்கியவன் நான். அவிழ்த்துவிட்டவன் நான். பேசாமல் நின்றவனும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, சார்? கொடுத்த சட்டையை அவன் போட்டுக்கொண்டு வந்திருந்தால், ஒரு பாவமும் அறியாத மனுஷன் செத்திருக்கமாட்டார்.