குலமில்லாத சிற்பிக்கு எந்தப் பக்கம் அழும்?

மேடையில் வீற்றிருக்கும் குலத்தாய்மார்களே, தலைவர்களே, கிராண்ட் ஆற்றங்கரையில் நம் பழங்குடி மக்களின் எல்லா வீடுகளிலிருந்தும் வந்திருக்கும் என் சொந்தங்களே! கற்சிற்பி ஆர்லண்ட் போர்ட்டரோடு ஒரே கொட்டகையில் கல்தூசி தின்றவள் நான், நோரீன் ஸ்டாட்ஸ்.

அவர் போன நேரத்திலிருந்து ஒரே கேள்வி என்னை அரிக்கிறது. இறந்தவரின் குலத்தார் ஒரு பக்கம் உட்கார்ந்து அழுவார்கள். எதிர்ப்பக்கத்துக் குலத்தார் அவர்கள் கண்ணீரைத் துடைப்பார்கள். இதுதானே நம் வழக்கம்? குலமோ தாய்வழி வருவது. ஆர்லண்டின் அப்பா நம்மவர்; அம்மாவோ ஹாமில்டன் நகரத்து வெள்ளைக்காரி. குலமே இல்லாத அந்த மனிதருக்கு எந்தப் பக்கம் அழும்?

மாக்கல்லில் ஆமை, ஓநாய், கரடி என்று நம் குலச் சின்னங்களைச் செதுக்கினாரே, கேட்டவருக்கெல்லாம் கொடுப்பாரா? மாட்டார்! "உங்க அம்மா யாரு? அவங்க அம்மா யாரு?" என்று கேட்டு முடித்த பிறகுதான் உளியை எடுப்பார்.

டொரண்டோவில் வளர்ந்த ஜோலின் ஒருநாள் வந்து நின்றாள். "எனக்கு ஓநாய் செஞ்சு குடுங்க, பாக்க ஜோரா இருக்கும்" என்றாள்.

"சட்டையா வாங்க வந்த? ஏறு வண்டில!" என்றார் ஆர்லண்ட்.

அவள் தாய்வழியைத் தேடி வீடு வீடாக அலைந்தார்கள். ஒரு வீட்டில் சோள சூப் கிண்டிக்கொண்டிருந்த பெண்மணி கரண்டியைப் போட்டுவிட்டு, "அடியே, நீ மேபல் பொண்ணா? நீ ஆமைடி!" என்று கட்டிக்கொண்டாள். ஜோலின் அழுத அழுகை இருக்கிறதே! அன்று மாலைதான் அவளுக்காகக் கல்லைத் தொட்டார். வானத்திலிருந்து விழுந்தவளை ஆமை முதுகில் தாங்கி உலகம் உண்டான கதையை அவள் பிள்ளைகள் இன்று அந்தக் கல்லைத் தடவித்தான் சொல்கிறார்கள்.

"ஊருக்கெல்லாம் குலம் தேடிக் குடுக்கிறீங்களே அண்ணே, உங்களுக்கு என்னத்தச் செதுக்கிக்குவீங்க?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"செதறி விழுற துண்டெல்லாம் என்னுதுதாம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொந்தங்களே! இன்று இந்த மண்டபத்துக்குள் நுழைந்தேன். அழுகிற பக்கத்தில் ஓநாய்க் குலம் உட்கார்ந்திருந்தது. கரடிக் குலமும் அங்கேதான். "கொஞ்சம் நகருங்கப்பா, எங்க ஆளுக்கு நாங்க அழ வேணாமா?" என்று ஆமைகள் அவர்களோடு மல்லுக்கு நின்றார்கள். எதிரே கண்ணீர் துடைப்பவர்கள் உட்காரும் பலகைகளைத் திரும்பிப் பாருங்கள். ஒருவர்கூட இல்லை!

ஆர்லண்ட் போர்ட்டர் அவர்களே, தாய்வழி கேட்காமல் என் உளியும் இனிக் கல்லைத் தொடாது. இது உறுதி.

ஆனால் கண்ணீர் துடைக்க ஒருவராவது வேண்டுமே? இந்தப் பக்கத்தை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை. இருந்தாலும் நான் எதிர்ப்பலகைக்குப் போகிறேன். வாருங்கள், ஒவ்வொருவராக உங்கள் கண்களைத் துடைத்துவிடுகிறேன். என் கண்ணை மட்டும் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.