பலகையில் முதல் பெயர்

மேடம், நீங்கள் கொடுத்த டீ நன்றாக இருந்தது. எங்கள் சங்கத்தில் கொடுப்பது இதில் பாதி கூட வராது. நாற்பது வருடம் அதைக் குடித்தவன் சொல்கிறேன். தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். அதற்கும் நன்றி.

என் பெயர் திருவேங்கடம். வயது எழுபத்தொன்று. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், டாலிகஞ்சில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மை விமானம் விடுகிறவன். பொம்மை என்பது என் மனைவி கல்யாணியின் சொல். நாங்கள் மாதிரி விமானம் என்போம். ஆறு கிலோ எடை, பெட்ரோல் என்ஜின், ஆள் கைகளை விரித்தாலும் எட்டாத இறக்கை. அது பொம்மை இல்லை என்று இப்போது கல்யாணியே ஒப்புக்கொள்கிறாள்.

எங்கள் சங்கத்து வைத்தியநாதன் இறந்தது விபத்து என்று எழுதி, இந்த ஸ்டேஷனில் நீங்கள் வழக்கை மூடிவிட்டீர்கள். நானாகத்தான் வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராஜர்ஹாட் தாண்டி எங்கள் மைதானத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. உள்ளே ஒரு மரப்பலகை. அதில் உறுப்பினர்களின் பெயர்கள், யார் எத்தனை வருடம் இடைவிடாமல் புதுப்பித்து வருகிறார்கள் என்ற வரிசையில். ஜனவரி ஆண்டு விழாவில் ஒன்றாம் எண்காரர்தான் முதல் விமானத்தை ஏற்றுவார். அவர் தரையிறக்கும்வரை மற்றவர்கள் தங்கள் விமானங்களைப் பிடித்துக்கொண்டு பனியில் நிற்க வேண்டும். இரண்டு டாக்டர்கள், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, எல்லோரும் நிற்பார்கள். நேற்று இதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். அங்கே யாரும் சிரிப்பதில்லை.

நான் சேர்ந்தது 1984. வைத்தியநாதன் சேர்ந்தது 1986. ஆனாலும் அவர் ஒன்று, நான் இரண்டு. காரணம், 1991 மார்ச் 31. புதுப்பிக்கக் கடைசி நாள். அன்று பார்த்து கல்யாணிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. மறுநாள் காலை ஆறரை மணிக்கெல்லாம் படிவத்தோடு பாலிகஞ்சில் வைத்தியநாதன் வீட்டு வாசலில் நின்றேன். அப்போது அவர்தான் செயலாளர். வாயில் பிரஷ்ஷோடு வந்தார்.

"நேத்தோட முடிஞ்சுடுத்தே வேங்கடம். ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். புதுசா சேர்ந்துக்கோ. ஆமா, என்ன குழந்தை?"

"பொண்ணு சார்."

"பேஷ், பேஷ்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். என் ஏழு வருடங்கள் அந்த வாசலிலேயே போயின. மகள் மேக்னாவை இதற்காக நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவள் பிறந்தநாள்களில் மட்டும் ஞாபகப்படுத்துவேன்.

பிறகு எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள், அலுத்துப்போய் நின்றார்கள், காலமானார்கள். 2007இல் இரண்டாம் இடத்துக்கு வந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். அவர் அலுக்கவும் இல்லை, காலமாகவும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குக் கண் மங்கிவிட்டது. விமானம் வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதன் மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. எங்களுக்கு அதுதான் எல்லாம். விமானம் நம்மை விட்டுப் போகும்போது ரிமோட்டில் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் நம் இடப்பக்கம் திரும்பும். நம்மை நோக்கி வரும்போது அதே குச்சிக்கு நம் வலப்பக்கம் திரும்பும். போகிறதா வருகிறதா என்று தெரியாதவர் கையில் ரிமோட் இருக்கவே கூடாது. எங்கள் விதி பதினொன்று இதைத்தான் சொல்கிறது: சொந்தக் கண்ணால் பார்த்து ஓட்ட முடியாதவரின் உறுப்பினர் தகுதி அன்றோடு முடிகிறது.

"யார்ட்டயும் சொல்லிடாதே வேங்கடம். தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவா" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் தோளில் கை வைத்துப் பின்னால் நின்றேன். என்ஜின் சத்தம் தாங்காமல் காது மெஷினையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார். ஆகவே தட்டுவதுதான் எங்கள் ஏற்பாடு. ஒரு தட்டு என்றால் போகிறது. இரண்டு தட்டு என்றால் வருகிறது. பார்க்கிறவர்களுக்கு நான் உற்சாகப்படுத்துவதுபோல இருக்கும். எண்பத்திரண்டு வயதில் என்ன கண் பார்வை என்று கைதட்டுவார்கள். மூன்று வருடம் அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் நின்றேன்.

நிர்வாகக் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, ஒன்றாம் எண் உங்களுக்கு வந்திருக்குமே என்று கேட்டீர்கள். மேடம், அவர் என்னை நம்பிச் சொன்ன ரகசியம். நண்பனைக் காட்டிக்கொடுத்து ஓர் இடத்தைப் பிடிக்கிற ஆள் நான் இல்லை.

டிசம்பரில் அவர் ஒரு செய்தி சொன்னார். ஆண்டு விழா முடிந்ததும் கோயம்புத்தூரில் மகன் ராகவ் வீட்டோடு போய்விடப் போகிறாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒரு நிமிடம். பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. முதலிடத்தில் இருப்பவர் தானாக விலகினால் கௌரவ உறுப்பினர்; அவர் பெயர் முதலிடத்திலேயே நிரந்தரமாக இருக்கும். இறந்தவர் பெயரைத்தான் அழிப்போம்.

"நான் போனாலும் எம் பேர் உன் தலைமேல இருக்கும்டா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

விழா நாளில் பத்து மணிக்குத்தான் பனி விலகியது. அவர் விமானத்தை ஏற்றினார். இரண்டு சுற்று எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது சுற்றில் தூரத்தில் திரும்பி, மிகவும் தாழ்வாக, நேராக எங்களை நோக்கி வந்தது. நான் ஒருமுறை தட்டினேன். போகிறது என்று நினைத்து அவர் வேகத்தைக் கூட்டினார். இரண்டாவது தட்டுக்கு நேரம் இருந்தது. அதற்குப் பதில் இடப்பக்கம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அவர் முகத்தில் கடைசிவரை பயமே இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இப்போதைய செயலாளர் சைதன்யா தத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு வங்காளியில் சொல்லி அழுதார். "வேங்கட் அண்ணா, கடைசிவரைக்கும் அவர் தோள்ல உங்க கைதானே இருந்தது" என்றார். ஆமாம் என்றேன்.

மறு வாரம் இரங்கல் கூட்டம். அங்கே ஒரு தீர்மானம் போட்டார்கள். இறுதி மூச்சுவரை தன் கண்ணையும் கையையும் மட்டுமே நம்பிப் பறக்கவிட்ட வைத்தியநாதனின் நினைவாக, அவர் பெயர் அழிக்கப்படாது. ஒன்றாம் எண் இனி வேறு யாருக்கும் தரப்படாது. எல்லோரும் எழுந்து நின்று நிறைவேற்றினார்கள். நானும் எழுந்து நின்றேன். இரண்டாம் எண்காரன் உட்கார்ந்திருக்க முடியுமா?

மேடம், மூன்று இரவு நான் தூங்கவில்லை. தன் கண்ணை நம்பினாராம். ஒரு பதிவேட்டில் இப்படிப் பொய் ஏறலாமா? அதனால்தான் உங்களிடம் வந்தேன். அவர் காது மெஷினையும், யார் கண்ணிலும் படாமல் இருக்க அவர் என்னிடம் கொடுத்துவைத்திருந்த கண் டாக்டர் சீட்டையும் மேசைமேல் வைத்திருக்கிறேன். சீட்டில் தேதி இருக்கிறது, பாருங்கள். மூன்று வருடம் முன்னால். அவரைப் பார்க்க வைத்தது என் கை. கடைசியில் அவரைக் கொன்றதும் அதே கைதான், தெரிந்தேதான். தண்டனையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று தத்தாவுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். விதி பதினொன்றை அவர் மறுபடி படிக்கட்டும். அந்தச் சீட்டின் தேதியோடு வைத்தியநாதனின் தகுதி முடிந்துவிட்டது. நான் அவரைக் கொன்ற காலையில், மேடம், சங்கத்தின் ஒன்றாம் எண் ஏற்கெனவே நான்தான்.